தூசி இழுக்கும் தும்பிக்கை

3-2-1997, திங்கள்

பிளைவுட் கம்பெனிக்காரன் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்க வெள்ளையாக இருக்கிறது. எழுத அவசியம் வரவில்லை. வேலை முடிந்து வந்தால் அன்று நடந்ததையெல்லாம் பழனாத்தாளிடம் சொல்லித்தான் பழக்கம். பாதியில் "சரி, சாப்பிடுங்க" என்பாள். அவள் தன் அண்ணன் வீட்டுக்கு, மார்டள்ளிக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். ஆகவே இனி இதில் சொல்கிறேன். இது சாப்பிடச் சொல்லாது.

இன்றைய சமாச்சாரம்: எங்கள் மைசூர் மரப் பட்டறைக்குத் தூசி இழுக்கும் மெஷின் வந்துவிட்டது. ஒரு மோட்டார், மேலும் கீழுமாக இரண்டு துணிப்பை, மடிப்பு மடிப்பாக ஒரு நீள ஹோஸ். ஹோஸின் வாயை ரம்பத்தில் மாட்டினால், அறுக்க அறுக்கத் தூளை இழுத்துப் பையில் போட்டுவிடும். பெருக்குகிற சித்தம்மா கன்னடக்காரி. பார்த்தவுடன் "சொண்டிலு" என்றாள். யானைத் தும்பிக்கை. மதியத்துக்குள் எல்லோர் வாயிலும் தும்பிக்கை ஆகிவிட்டது.

முதலாளி ரங்கா சார் இதை எங்களுக்காக வாங்கவில்லை. பெரிய ஆர்டர் பேச வந்தவர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றார்களாம், வெட்கமாகப் போய்விட்டதாம். யாருக்காக வாங்கினால் என்ன, இதனால் காரியம் ஆகவேண்டியது எனக்குத்தான். ஜனவரியில் அவளுக்கு மூச்சு வாங்கியபோது டாக்டர் முதலில் கேட்டது, "வீட்டுக்காரர் என்ன வேலை?" ரம்பம் ஓட்டுகிறேன் என்றேன். "அப்ப தூசி உங்க சட்டையிலேயே வீட்டுக்கு வருது. கொஞ்ச நாள் ஊர்ல இருக்கட்டும்" என்றார். அந்த வாரமே அவள் பையைக் கட்டினாள்.

என்னோடு தூசி வீட்டுக்கு வராவிட்டால் அவள் வருவாள். வேறொன்றுமில்லை.

5-2-1997

மேஜை ரம்பத்தில் தொந்தரவு இல்லை. அது நிற்கிற இடத்தில் நிற்கிறது, ஹோஸும் சும்மா கிடக்கிறது. கையில் பிடித்து ஓட்டுகிற கரண்ட் ரம்பத்தில்தான் வம்பு. ரம்பம் நடந்தால் ஹோஸும் கூட நடக்க வேண்டும். நடக்க மாட்டேன் என்கிறது. எட்டடிப் பலகையில் பாதி தூரம் போனதும் அதன் மடிப்பு பலகையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. ரம்பத்தை ஒரு பக்கமாக இழுத்தது. வெட்டு கோணிப்போய்ப் பலகை பாழ்.

ரங்கா சார் வந்து பார்த்தார். மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், வீட்டில் பழைய தமிழ், வெளியே கன்னடம். என்னிடம் மட்டும் தமிழ். "கோடு போட்டா கோட்டுலன்னா போகணும், முனிராஜ்? பதினாலு வருஷத்துல நீ இப்படி வெட்டி நான் பார்த்ததில்லையே." திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

8-2-1997, சனி

சனிக்கிழமை என்பதால் அநேகம் பேர் ஆளுக்கொரு மூட்டை மரத்தூள் கட்டிக்கொண்டு போனார்கள். தூள் அடுப்புக்கு. நான் எடுக்கவில்லை. மெஸ்ஸில் சாப்பிடுகிறவனுக்கு அடுப்பு எதற்கு.

12-2-1997

இன்று தொடை தப்பியது.

ஹோஸ் தரையில் புரண்டு கிடந்தது. மறுமுனையில் பலகையைத் தாங்கிப் பிடித்திருந்த உதவியாள் முரளிதரன் திரும்பும்போது அதை மிதித்துவிட்டான். ஹோஸ் இழுபட, ரம்பம் துள்ளிப் பின்னால் வந்தது. பல்லை மூடும் தகடு சட்டென்று மூடிக்கொண்டதால் பேன்ட் ஒரு சாண் கிழிந்ததோடு போயிற்று. முரளிக்கு முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "தும்பிக்கையை மிதிச்சா ஆனைக்குக் கோவம் வராதாண்ணா" என்று சிரிக்கப் பார்த்தான். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து பேன்டை நானே தைத்தேன். அவள் இருந்திருந்தால் அரை மணி நேரம் திட்டியிருப்பாள். திட்டு வாங்காமல் ஒரு கிழிசலைத் தைப்பது இத்தனை சங்கடமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

16-2-1997, ஞாயிறு

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. பின்பக்கம் போய், சட்டையைக் கழற்றி வாளியில் முக்கிவிட்டுத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அப்புறம்தான் உள்ளே. யாருக்காக இந்த மடி ஆசாரம் என்று தெரியவில்லை. உள்ளே ஆள் இல்லை. ஆனாலும் பழகி வைத்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சென்னம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இன்று கேட்டாள், "மனேயவரு யாவாக பர்தாரே?" வீட்டம்மா எப்போது வருவாள் என்று. அடுத்த மாதம் என்றேன். போன மாதமும் அதைத்தான் சொன்னேன்.

22-2-1997, சனி

வழி பிடித்துவிட்டேன். இரண்டு வாரமாக மண்டையைக் குடைந்தது.

ஹோஸ் தரையில் கிடந்தால்தானே மிதிபடும்? மேலே தூக்கிவிட்டேன். கூரைச் சட்டத்தில் ஒரு கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றின் ஒரு முனையில் ஹோஸ், மறுமுனையில் ஆணி நிரப்பிய டப்பா. நான் முன்னே போனால் ஹோஸ் இறங்கிக் கொடுக்கிறது, பின்னே வந்தால் டப்பா அதைத் தூக்கிக்கொள்கிறது. கரண்ட் ஒயரையும் ஹோஸோடு சேர்த்து, அடிக்கொரு இடத்தில் சைக்கிள் டியூப் கீற்றால் கட்டினேன். தனித்தனியாக இருந்தால் இரண்டும் மாட்டும். சேர்ந்திருந்தால் ஒன்றும் மாட்டவில்லை.

இப்போது அது என் வலது தோளின் மேல் வழியாக இறங்கி வருகிறது. தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு ஆள் கூடவே நடப்பதுபோல இருக்கிறது. எட்டடிப் பலகையை முழுசாக வெட்டினேன். கோடு கோட்டிலேயே போயிற்று.

இதை அவளிடம் சொல்லவேண்டும் என்று சைக்கிளை வேகமாக மிதித்து வந்தேன். தெருமுனை வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

2-3-1997, ஞாயிறு

கடிதம் எழுதினேன். அவள் அஞ்சாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் பெரிய எழுத்தாக எழுதினேன். கப்பி, கயிறு, டப்பா எல்லாம் படம் போட்டு விளக்கி இரண்டு பக்கம் போய்விட்டது. கடைசியில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. 'உன் உடம்பு எப்படி' என்று அதில் எழுதினேன்.

11-3-1997

வெயில் ஏறிவிட்டது. காற்றில் ஈரமில்லை. ஹோஸைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது. கரண்ட் கசிவு இல்லை, தூள் உள்ளே உரசிக்கொண்டு ஓடுவதால் வருவது. மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை ஹோஸின் உள்ளே நீளவாட்டில் விட்டு, ஒரு முனையை மெஷினின் எர்த்தில் முடிந்தேன். நின்றுவிட்டது.

சித்தம்மா நாலு நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். இன்று கேட்டேன். "தூசியெல்லாம் சொண்டிலு தின்னுட்டா எனக்கு என்ன கெலசா இருக்கும்ணா?" என்றாள். வேலை போய்விடும் என்ற பயம். ரங்கா சாரிடம் சொல்லிப் பைகளைத் தட்டிக் காலி செய்கிற வேலையை அவளுக்கு வைக்கச் சொன்னேன். ஒத்துக்கொண்டார். என்னால் ஒரு பொம்பளைக்காவது நல்லது நடந்தது.

20-3-1997

பதில் வந்தது. அவள் அண்ணன் மல்லப்பன் எழுத்து. 'தங்கச்சி சுகம். மூச்சு பரவாயில்லை. மழை இல்லை. ராகி சுமார்.' கீழே ஓரத்தில் அவள் கையால் ஒரு வரி. 'வேளைக்குச் சாப்பிடவும்.'

கப்பியைப் பற்றி ஒன்றும் இல்லை.

8-4-1997, யுகாதி

பட்டறை லீவு. சென்னம்மா வேப்பம்பூவும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்தாள். வெல்லத்தை மட்டும் பொறுக்கித் தின்றேன். இன்று நான் பேசியது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும். நாலும் கன்னடம்.

15-4-1997

இழுவை திடீரென்று குறைந்தது. மெஷின் கத்துகிறது, தூள் மட்டும் பறக்கிறது. எந்த இடம் என்று தெரியவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஹோஸின் நீளத்துக்கும் காட்டிக்கொண்டே போனேன். இரண்டு இணைப்புகளில் புகை உள்ளே வளைந்து ஓடியது. அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். டியூப் ரப்பரை இழுத்துச் சுற்றினேன். மெஷினுக்குப் பக்கத்தில் ஹோஸ் வெடுக்கென்று மடங்குகிற இடத்தில் ஒரு மரச் சிம்பு குறுக்கே விழுந்து தூள் அடைத்திருந்தது. மடக்கை எடுத்துவிட்டு அகலமாக வளைத்து விட்டேன். அதிகமாக இருந்த மூணடியையும் வெட்டி எறிந்தேன். நீளம் குறையக் குறைய இழுவை கூடும்.

முரளி என்னைப் பார்த்து, "பூஜை பண்றீங்களாண்ணா?" என்றான். ஆமாம் என்றேன்.

19-4-1997, சனி

ஒரு டிபன் மூடியில் தேங்காயெண்ணெய் தடவி ரம்ப மேஜைக்குக் கீழே வைத்தேன். முன்பெல்லாம் அரை மணியில் வறுத்த மாவாட்டம் பழுப்பாகிவிடும். இன்று மதியம் வரை எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. வீட்டிலும் மாடத்தில் ஒரு மூடி வைத்து எட்டு நாள் ஆகிறது. அதில் ஒரு எறும்பு செத்துக் கிடக்கிறது, தூசி இல்லை.

ரங்கா சார் யாரோ இரண்டு பேரைக் கூட்டி வந்து கப்பியைக் காட்டி, "எங்க ஆள் பண்ணினது" என்றார். எங்க ஆள்.

சாயந்தரமே கடிதம் போட்டேன். படம் எதுவும் போடவில்லை. 'வீட்டில் துளித் தூசி இல்லை. வா.' அவ்வளவுதான்.

3-5-1997, சனி

நாளை வருகிறாள்.

வீட்டைக் கழுவினேன். பாயை வெயிலில் போட்டேன். பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்தேன். மூணரை மாதமாகச் சும்மா கிடந்த தூள் அடுப்பைத் தட்டிச் சுத்தம் செய்தேன். அவள் வந்து தூளுக்கு அலையக் கூடாது என்று இன்று இரண்டு மூட்டை எடுத்துக்கொண்டேன். தரையில் கூட்டியது இல்லை. மெஷினின் கீழ்ப்பையிலிருந்து நானே அள்ளியது, சலித்த மாவு மாதிரி நைஸ். கெட்டியாக அமுங்கும், வெகு நேரம் நின்று எரியும். சைக்கிளில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மேட்டகள்ளி மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தேன். பாரமாகவே தெரியவில்லை.

4-5-1997, ஞாயிறு

வந்துவிட்டாள். மல்லப்பன் கொண்டுவந்து விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். அவள் உள்ளே வந்து மாடத்தில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

சாயந்தரம் அடுப்பு கட்ட உட்கார்ந்தாள். நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் தூளைப் போட்டு இடிக்கும்போது, "என்னங்க இது, மாவாட்டம் பறக்குது" என்றாள். அது எப்படி அவ்வளவு நைஸாக வருகிறது என்று விளக்கினேன். அப்படியே கப்பி, செம்புக் கம்பி, ஊதுபத்தி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பாதியில், "சரி, சாப்பிடுங்க" என்றாள்.

களியும் கீரையும். மூணரை மாதத்துக்குப் பிறகு வயிறு நிறைந்தது.

6-5-1997

வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி அவள் முன்னால் உதறிக் காட்டினேன். ஒன்றும் விழவில்லை. சிரித்தாள்.

7-5-1997

காலையில் இருமிக்கொண்டிருந்தாள். பிரயாண அலுப்பு என்கிறாள்.

9-5-1997, வெள்ளி

மத்தியானம் சென்னம்மா பட்டறைக்கே ஆள் அனுப்பிவிட்டாள். ஓடினேன். பழனாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தோள் ஏறி ஏறி இறங்குகிறது, பேச முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஊசி போட்டார்கள். அதே டாக்டர். மறுபடியும், "ரம்பம் ஓட்டறீங்கதானே?"

இல்லீங்க டாக்டர், இப்ப தூசி வர்றதில்லீங்க, ஹோஸ் போட்டிருக்குதுங்க, மேல கப்பி கட்டி... சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகத்தான் கேட்டார். "இருக்கலாம். ஆனாலும் எங்கிருந்தோ வருதே" என்றார்.

எங்கிருந்து? நான் எதை விட்டேன்? தலையா? காது மடலா? நகக்கண்ணா? செருப்பைக்கூட வெளியிலதான விடறேன்.

10-5-1997, சனி

மல்லப்பன் வந்து அழைத்துப் போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். "நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றாள். பஸ் போய்விட்டது.

13-5-1997

ஹோஸைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டேன். என்னத்துக்கு அது? யாருக்கு? மூணு மாசம் பைத்தியக்காரனாட்டம் ஒரு குழாயைக் கட்டிட்டு அழுதிருக்கேன். நாள் முழுக்க ஹோஸ் இல்லாமலே அறுத்தேன். பழையபடி மூஞ்சியெல்லாம் தூள். நல்லா இருந்துச்சு.

சாயந்தரம் சித்தம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள். முந்தானையை மூக்கில் கட்டியிருந்தாள். "நீங்க கழட்டினா அது பூரா எனக்குத்தானே வருதுண்ணா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

14-5-1997

ஹோஸைத் திரும்ப மாட்டினேன்.

24-5-1997, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

வீட்டில் அந்த நைஸ் தூள் ஒரு மூட்டைக்கு மேல் மிச்சம் கிடக்கிறது. எனக்கு எதற்கு? சித்தம்மாவிடம், என் பங்கையும் நீயே எடுத்துக்கொள், வீட்டில் இருப்பதையும் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

"பேடண்ணா. தூள் ஒலெயை விட்டு ஒரு வருஷம் ஆச்சு" என்றாள். வேண்டாமாம், அந்த அடுப்பையே விட்டாயிற்றாம். ஏன் என்று கேட்டேன். "அத்தெக்கு மூச்சு கட்டிச்சு. பெரியாஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, வீட்ல எந்த அடுப்புன்னு. சொன்னேன். அப்படித் திட்டினாங்க. இப்ப சீமெண்ணெய் ஸ்டவ்வு. அத்தெ நல்லாயிட்டாங்க. ஏன், உங்க டாக்டர் கேக்கலையா?"

கேக்கலை. எங்க டாக்டர் என் வேலையைத்தான் கேட்டார்.

பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அடுப்பை அவள் எப்படிக் கட்டுவாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஜன்னல் இல்லாத சமையல் மூலை. தகர டின்னுக்கு நேர் மேலே முகத்தைக் குனிந்துகொண்டு, தூளைக் கொட்டிக் கொட்டி இடிப்பாள். பொடி பறக்கும். பற்ற வைத்தால் முதல் கால் மணி வெறும் புகை. காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, பதினாலு வருஷம். நான் வெளித் திண்டில் உட்கார்ந்து பட்டறைக் கதை சொல்லிட்டிருப்பேன்.

சட்டையில போனது எம்மாத்திரம்? ஒரு சிட்டிகை இருக்குமா? மூட்டை மூட்டையா நானே சுமந்துட்டுப் போனேனே. கடைசியா ரெண்டு மூட்டை, அதுவும் பொறுக்கி எடுத்து, நைஸா. ஹோஸ் போட்டு, கப்பி கட்டி, கசிவு பாத்து, அவகிட்டப் போகக்கூடாதுன்னு பிடிச்ச தூளை, கோணியில கட்டி அவ மூஞ்சிக்கு நேரா கொண்டுபோய் வெச்சேன். மேட்ல தள்ளிட்டுப் போறப்ப பாரமே தெரியலைன்னு இதே டைரியில எழுதி வெச்சிருக்கேன்.

25-5-1997, ஞாயிறு

அடுப்பை உடைத்தேன். மூட்டையை ஊருக்கு வெளியே கொட்டினேன். சீமெண்ணெய் ஸ்டவ் வாங்கி வந்தேன். சமையல் மூலைச் சுவரைத் தேய்த்தேன். கறுப்பு முழுதாகப் போகவில்லை.

31-5-1997, சனி

தூள் அடுப்பு ஆகாது என்று மூட்டை கட்டுகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் கட்டியதை அவிழ்த்தார்கள். முரளி, "எங்க அம்மாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் ஆகலைண்ணா" என்று தூக்கிக்கொண்டு போனான். நாளை காலை மார்டள்ளி போகிறேன்.

1-6-1997, ஞாயிறு

கொள்ளேகால் தாண்டியதும் காட்டோரச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பையைத் திறந்து பார்த்தார்கள். என் பையில் ஒரு துண்டும் இந்த டைரியும். போலீஸ்காரர் டைரியைப் புரட்டினார், தமிழ் தெரியவில்லை, ஒரு பக்கத்தில் நான் போட்டிருந்த கப்பிப் படத்தைப் பார்த்து இது என்ன என்றார். சொன்னேன். போ என்று கை காட்டினார்.

மல்லப்பன் வீட்டில் சமையல் வெளியே கொட்டகையில், காற்றாட நடக்கிறது. பழனாத்தாள் அங்கே கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிறம் வந்திருக்கிறது. எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சித்தம்மா சொன்னது, அடுப்பு, மூட்டை, நான் செய்தது. இந்த முறை அவள் பாதியில் நிறுத்தவில்லை.

முடித்ததும், "எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

தெரியுமா?

"கல்யாணம் ஆன ரெண்டாம் வருசமே. அடுப்புக் கட்டற அன்னிக்கெல்லாம் நெஞ்சைப் பிடிக்கும். உங்ககிட்டச் சொன்னனுங்க. ஓசியில வர்ற தூளை ஊரே எடுக்குது, உனக்கு மட்டும் என்னன்னீங்க. அப்புறம் சொல்லலை."

எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை. மறுத்திருந்தேன் என்றால்கூட ஞாபகம் இருக்கவேண்டும் அல்லவா?

வீட்டில் ஸ்டவ் வாங்கி வைத்திருக்கிறேன், வா என்றேன். கடலைக்காயை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "அந்தக் குழாய் எங்க மடங்குது, எங்க அடைக்குது, எங்க காத்துப் போகுதுன்னு மூணு மாசம் பத்தி கொளுத்திப் பாத்தீங்க. கடுதாசி போட்டீங்க, படமெல்லாம் போட்டு. நான் பக்கத்துலயே படுத்துப் பதினாலு வருசம் இருமினனுங்க."

நானும் ஒரு கைப்பிடி கடலைக்காய் எடுத்து உரித்தேன்.

"கோவமில்லீங்க. ஆனா அந்த வீட்டுக்கு வர இனி மனசு வராதுங்க. பயமா இருக்குது. இங்கயே இருக்கறன்."

மல்லப்பன் இரவு தங்கச் சொன்னார். வேலை இருக்கிறது என்று கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

2-6-1997

வேலை.

3-6-1997

ஸ்டவ்வில் சோறு பொங்கினேன். அடி பிடித்துவிட்டது. சென்னம்மா இன்று எதுவும் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

8-6-1997, ஞாயிறு

போகலாமா என்று காலையிலிருந்து நினைத்தேன். போய் என்ன சொல்வது? சொல்வதற்கு இனி என்னிடம் என்ன இருக்கிறது? சொல்லிச் சொல்லித்தானே இப்படி ஆயிற்று.

14-6-1997, சனி

பட்டறை அரை நாள்தான். நேராகப் பஸ் ஏறிவிட்டேன். மார்டள்ளிக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். பழனாத்தாள் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை, தட்டை வைத்தாள். வா என்று நானும் கேட்கவில்லை. பட்டறைக் கதையும் சொல்லவில்லை. நீ சொல்லு என்றேன். என்ன சொல்ல என்றாள். பிறகு ஒரு ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள், எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தியின் கல்யாணம் நின்றுபோனதைச் சொன்னாள். நிறையச் சொன்னாள். இத்தனை பேசுவாளா?

29-6-1997, ஞாயிறு

போன வாரமும் போனேன், இந்த வாரமும். மல்லப்பனோடு வேலி கட்டினேன். திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். மைசூர் வந்து பூட்டைத் திறந்தால் வீடு வீடாகவே இல்லை. எத்தனை கழுவினாலும் அப்படித்தான் இருக்கிறது.

17-7-1997

மழை. கூரை ஒழுகி ஹோஸில் இறங்கிப் பையில் தூள் கட்டியாகிவிட்டது. சித்தம்மாவும் நானும் சேர்ந்து சுரண்டினோம். மாமியார் நலமா என்று கேட்டேன். திகைத்துப்போய்ப் பார்த்துவிட்டு, "சென்னாகிதாரெண்ணா" என்றாள். நன்றாக இருக்கிறாராம்.

10-8-1997, ஞாயிறு, பஸ்ஸில்

எழுத்து ஆடுகிறது.

இன்று மத்தியானம் சாப்பிட்டபின் பழனாத்தாள் கொட்டகையில் பாய் போட்டு மல்லாந்து படுத்திருந்தாள். மைசூரில் கடைசி இரண்டு வருடம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேதான் தூங்குவாள், படுத்தால் மூச்சு முட்டும். நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சீராக இருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே, "உங்களுக்கு இருமல் கொறைஞ்சிருக்குதுங்க" என்றாள்.

எனக்கு ஏது இருமல் என்றேன்.

"காலையில எந்திரிச்சதும் நாலு. பல்லு வெளக்கறப்ப ரெண்டு. சாயந்தரம் சட்டையைக் கழட்டறப்ப ஒண்ணு, அது பெருசா இருக்கும். நான் வந்த நாள்ல இருந்து அப்படித்தான். இப்ப ஒரு மாசமாப் பாக்கறன், காலையில ஒண்ணுதான் வருது. இன்னிக்கு அதுவும் இல்லை." பிறகு, "அந்தக் குழாயை மட்டும் கழட்டிடாதீங்க" என்றாள்.

நீ மைசூர் வருகிறாயா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவள் வரமாட்டாள், எனக்குத் தெரியும். புரண்டு படுத்தாள், பிறகு நிஜமாகவே தூங்கினாள். எழுப்பாமல் கிளம்பி வந்தேன்.

பஸ்ஸில் பக்கத்து இடம் காலி. ஏறியதிலிருந்து என் மூச்சையே கேட்டுக்கொண்டு வருகிறேன். நாற்பத்தோரு வயதில் முதல் தடவை. கொள்ளேகால் வருவதற்குள் இரண்டு முறை இருமினேன். சனிக்கிழமை அவளிடம் சொல்ல வேண்டும்.